சிவப்பு இருக்கையும் நெட்டையின் சிக்ஸரும்

அன்புள்ள ராசு,

உன் கடிதம் வந்து நாலு மாதம் ஆகிறது. பதில் போடாதது தப்புதான், திட்டிக்கொள். அக்கா மகள் கல்யாணத்துக்கு வர முடியாததைப் பற்றி அக்காவிடம் போனில் பேசினேன். குரலில் இன்னும் கோபம் தெரிகிறது, நீயும் ஒரு வார்த்தை சொல்லிவை. மாமாவுக்கு முட்டி வலி குறைந்ததா? இங்கே எல்லாரும் சுகம்.

போன சனிக்கிழமை பாஸ்டன் ஃபென்வே பார்க்கில் பேஸ்பால் பார்த்தேன். அதைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன். வலப்பக்கக் கேலரியில், பச்சை இருக்கைகளுக்கு நடுவே ஒரே ஒரு இருக்கை சிவப்பாக இருக்கிறது. 42ஆவது பகுதி, 37ஆவது வரிசை, 21ஆம் எண். 1946 ஜூன் 9 அன்று பாஸ்டன் அணியின் டெட் வில்லியம்ஸ் அடித்த பந்து அங்கே உட்கார்ந்திருந்தவரின் வைக்கோல் தொப்பியைக் கிழித்துத் தலையில் விழுந்ததாம். மட்டை பிடிக்கும் இடத்திலிருந்து 502 அடி. நம் கணக்கில் 153 மீட்டர். ஆட்டம் முடிந்ததும் மேலே ஏறி அந்த இருக்கைக்குப் பக்கத்தில் நின்று பார்த்தேன். அங்கிருந்து பார்த்தால் மட்டை பிடிக்கிற ஆள் கட்டைவிரல் உயரம்தான் தெரிவான். எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது.

வீட்டுக்கு வந்து இரண்டு நாள் இதையே தோண்டிக்கொண்டிருந்தேன். தோண்டத் தோண்ட வயிற்றெரிச்சல்தான். 1953 ஏப்ரல் 17, வாஷிங்டனில் கிரிஃபித் ஸ்டேடியம். யாங்கீஸ் அணியின் மிக்கி மேன்டில் அடித்த பந்து, கேலரிக்கு மேலே நின்ற ஸ்கோர்போர்டின் விளம்பரப் பலகையை உரசிவிட்டு மைதானத்துக்கு வெளியே போய்விட்டது. அந்த இடமே 460 அடி தூரம், தரையிலிருந்து 60 அடி உயரம். அத்தோடு நிறுத்தியிருந்தாலே போதும், காலத்துக்கும் பேசலாம். ஆனால் யாங்கீஸின் விளம்பர அதிகாரி ரெட் பேட்டர்சன் வெளியே இறங்கிப் போனார். ஒரு வீட்டுக் கொல்லையில் பந்தை எடுத்ததாகச் சொன்ன ஒரு பையனைப் பிடித்தார். மைதானச் சுவரிலிருந்து அந்த இடம் வரை இன்னும் 105 அடி என்று கணக்குப் போட்டு, மொத்தம் 565 அடி என்று பத்திரிகைக்காரர்களிடம் சொல்லிவிட்டார். மறுநாளிலிருந்து ரொம்ப தூரம் போகிற அடிக்கெல்லாம் 'டேப் மெஷர் ஹோம் ரன்' என்ற பேரே வந்துவிட்டது; ஹோம் ரன் என்றால் நம் சிக்ஸர் மாதிரி, டேப் வைத்து அளக்கிற அளவுக்குப் பெரியது என்று அர்த்தம். அவர் கையில் டேப்பே இல்லை ராசு! காலடி வைத்து அளந்ததுதான். அதைவிடப் பெரிய தப்பு, அவர் அளந்தது பந்தைக் கண்டெடுத்த இடத்தை. அது எங்கே விழுந்தது, பலகையில் பட்டு எப்படித் திரும்பியது, எவ்வளவு தூரம் உருண்டது என்று யார் பார்த்தார்கள்? பேஸ்பாலின் இயற்பியல் பற்றிப் புத்தகமே எழுதிய ராபர்ட் அடேர், காற்றுத் தடையையெல்லாம் சேர்த்துக் கணக்குப் பார்த்து, பறந்த தூரம் 506 அடி அளவுக்குத்தான் இருக்கும் என்றார்.

அதே மேன்டில் 1963இல் யாங்கி ஸ்டேடியத்தின் கூரை விளிம்பில் ஒன்று அடித்தார். பந்து அங்கே பட்டபோதும் மேலே ஏறிக்கொண்டுதான் இருந்தது என்று பார்த்தவர்கள் சொல்ல, அதை வைத்து 734 அடி என்று ஒரு கணக்கு! கீழேயிருந்து அண்ணாந்து பார்க்கிறவனுக்கு அப்படித்தான் தெரியும். காற்று பந்தை இழுத்துப் பிடித்துக்கொண்டே இருக்கும். அதனால்தான் ஏறுவதைவிடச் செங்குத்தாக இறங்கும். அவ்வளவு தூரம் போன பிறகும் ஏறிக்கொண்டே இருக்க எந்தப் பந்தாலும் ஆகாது.

இப்போது பெரிய லீக் மைதானங்கள் எல்லாவற்றிலும் தூரம் அளக்கும் கருவி உண்டு. 2015இல் ராடாரும் கேமராவும் வைத்து ஸ்டாட்காஸ்ட் என்று கொண்டுவந்தார்கள். பந்து கேலரியில் விழுந்தாலும், தடை இல்லாமல் தரைமட்டம் வரை வந்திருந்தால் எங்கே விழுந்திருக்கும் என்று அது கணக்குப் போடும். உருண்டது, குதித்தது எதுவும் சேராது. முதல் பத்து வருஷத்தில் ஆட்டங்களில் அது காட்டிய அதிகபட்சம் 505 அடி, 2019இல் நோமர் மசாரா அடித்தது. கடல் மட்டத்திலிருந்து ஒரு மைல் உயரத்தில், காற்று மெலிந்த டென்வரில்கூட 504தான். இன்றைக்கு இருக்கும் உடம்புக்கும் பயிற்சிக்கும் அவ்வளவுதான் என்றால், 502இல் தொப்பி கிழிந்தது எவ்வளவு பெரிய விஷயம்! அப்புறம் 565, 734 என்று கதை விட்டால் 502 சின்னதாகிப் போகிறதே, அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

சரி, இப்போது விஷயத்துக்கு வருகிறேன். போன மாதம் நம் கூட்டாளி நெட்டையின் பையன் போன் செய்தான். ஒன்பதாம் வகுப்பு படிக்கிறான், குரல் அப்படியே அவன் அப்பா குரல். "மாமா, அப்பா அடிச்ச அந்த சிக்ஸர் எவ்வளவு தூரம்?" என்று கேட்டான். "150 மீட்டர்டா" என்று சொல்லிவிட்டேன். வருஷக்கணக்காக நாம் சொல்லி வருவதுதானே. நீ ஒரு தடவை 160 என்று கணக்கு வாத்தியாரிடமே சத்தியம் செய்தவன்.

அந்தச் சிவப்பு இருக்கைக்குப் பக்கத்தில் நின்றபோது அதுதான் நெஞ்சில் குத்தியது. நெட்டை அடித்த பந்தை நாம் எடுத்தது வாய்க்காலில். நம் ஊர் மைதானத்துத் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் நிலம் சரிவு. அது உருண்டுதான் வாய்க்காலுக்குப் போயிருக்கும். ஆனால் தொட்டியின் தலைக்கு மேலே அது பறந்ததை நாம் மூன்று பேரும் பார்த்தோம். பதினாறு வயதில், ஆணி அடித்து ஒட்டுப்போட்ட மட்டையில் அடித்தது. அவன் போய்ச் சேர்ந்து ஆறு வருஷம் ஆகிறது. அந்தப் பையனுக்கு அப்பாவைப் பற்றி நாம் கொடுக்கிற கணக்கு உண்மையாக இருக்க வேண்டும் ராசு.

மைதானத்தில் கட்டடம் வரப்போகிறது என்று எழுதியிருந்தாயே, அதற்கு முன்னால் இதைச் செய். மேஸ்திரியிடம் 30 மீட்டர் டேப் இருக்கும், வாங்கிக்கொள். பழைய பிட்ச்சிலிருந்து தொட்டியின் அடி வரை அள. வாய்க்கால் வரை வேண்டாம். தொட்டி ஏணியில் எத்தனை படி என்று எண்ணி, ஒரு படிக்கும் அடுத்த படிக்கும் எவ்வளவு இடைவெளி என்றும் எழுது, உயரம் கிடைத்துவிடும். பையனையும் கூட்டிப் போ, டேப்பின் மறுமுனையை அவன் பிடிக்கட்டும்.

அன்புடன்,
உன் சிவா