லாம்ப்ரே மூளையைப் பார்க்கப் போகும் மகளுக்கு

அன்பு மகளுக்கு,

இனப்பெருக்க ஹார்மோன்களைப் படிக்க எத்தனையோ மீன்கள் இருக்க, தாடைகூட இல்லாத லாம்ப்ரேயை எதற்கு என் தலையில் கட்டினார்கள் என்று கேட்டிருந்தாய். ஃபோனில் சொல்லி முடியாது என்றுதான் எழுத உட்கார்ந்தேன். உனக்குக் கிடைத்திருப்பது நல்ல விலங்கு, அம்மாடி.

அது வாழும் விதத்தை முதலில் மனதில் வை. கடல் லாம்ப்ரே குஞ்சாக இருக்கும்போது ஓடைச் சேற்றில் புதைந்து, நீரை வடிகட்டித் தின்றபடி பல ஆண்டுகள் கிடக்கும். பிறகு உருமாறி, உறிஞ்சும் வாயோடு பெரிய மீன்களில் ஒட்டிக்கொண்டு ரத்தம் குடித்து வளரும். கடைசியில் ஆற்றில் ஏறும்போது தீனியை அடியோடு விட்டுவிடும், குடல் சுருங்கிப்போகும். ஒரே ஒரு முறை இனப்பெருக்கம் செய்துவிட்டு இறந்துபோகும். அந்த ஒரு முறை நேரம் தப்பினால் எல்லாம் போச்சு. எப்போது என்று முடிவு செய்வது மூளை. அந்த முடிவை எந்தச் செல்கள், எந்த ரசாயனங்களைக் கொண்டு எடுக்கின்றன என்பதுதான் நீ தேடப்போவது.

இனப்பெருக்கத்தைத் தூண்டும் மூளை ஹார்மோனான ஜிஎன்ஆர்ஹெச் உனக்குத் தெரிந்ததுதான். வெறும் 10 அமினோ அமிலங்கள் கோத்த சிறு மூலக்கூறு, ஆனால் மூளைக்கு அடியிலுள்ள பிட்யூட்டரிச் சுரப்பி வழியாகச் சூலகத்தையும் விந்தகத்தையும் எழுப்பிவிடுவது அதுதான். 1971இல் ஷாலியின் குழு பன்றி மூளைகளிலிருந்தும், கில்லமன் குழு செம்மறியாட்டு மூளைகளிலிருந்தும் அதன் அமைப்பைக் கண்டறிந்தார்கள். 1977 நோபல் பரிசில் இருவருக்கும் பங்கு கிடைத்தது. லாம்ப்ரேயிடம் உள்ள ஜிஎன்ஆர்ஹெச்சின் மூன்று வடிவங்கள் 1986, 1993, 2008 என்று ஒவ்வொன்றாக வெளிவந்தன. அந்தக் கட்டுரைகள் எல்லாவற்றிலும் ஆய்வாளர் ஸ்டேசியா சோவரின் பெயரைப் பார்ப்பாய். வரிசையாகப் படி, ஒன்றையும் விடாதே.

லாம்ப்ரேயின் ஜிஎன்ஆர்ஹெச்-III என்ற வடிவத்தையும் (1993இல் வந்தது) மனிதனின் ஜிஎன்ஆர்ஹெச்சையும் ஒன்றின் கீழ் ஒன்றாக எழுதிப் பார். முன்னால் 4, பின்னால் 2 என்று 6 இடங்கள் அச்சு அசலாக ஒத்துப்போகும். நடுவில் இருக்கும் 4 இடங்கள்தான் வேறு. நம் முன்னோரும் லாம்ப்ரேயின் முன்னோரும் பிரிந்து சுமார் 50 கோடி ஆண்டுகள் ஆகின்றன! இத்தனை காலத்திலும் அந்த இரு முனைகள் அசையவில்லை. ஹார்மோனை ஏற்கும் செல்லின் ரிசெப்டாரைப் பிடிக்கவும் தூண்டவும் அவை தேவைப்படுவதே காரணம். இன்னொரு வியப்பு: ஸ்டர்ஜன் மீனும் விலாங்கும் மனிதனுடைய அதே வடிவத்தை வைத்திருக்கின்றன. அவற்றைவிடப் பின்னால் வந்த கெண்டையிடமும் சால்மனிடமும் இருப்பது வேறொன்று.

இங்கேதான் நீ கவனமாக இருக்க வேண்டும். முனைகள் பொதுவாக இருப்பதால், ஒரு வடிவத்தில் ஒட்டி அதை ஒளிரவைக்க என்று வாங்கிய ஆன்டிபாடி இன்னொரு வடிவத்தையும் பிடித்துவிடும். ஸ்லைடு அழகாக ஒளிரும், நீயும் நம்பிவிடுவாய். ஆன்டிபாடியை அந்தந்த வடிவத்தோடு முன்கூட்டியே கலந்து வைத்து, அதன் பிறகும் ஒளிர்கிறதா என்று பார்க்காமல் எந்தப் படத்தையும் நம்பாதே. எந்தச் செல்லில் அந்த மரபணு வேலை செய்கிறது என்று பார்க்க இன் சிட்டு சோதனை செய்தால் செல் உடல்கள் மட்டும்தான் தெரியும். இழைகள் எங்கே போகின்றன என்பதை ஆன்டிபாடிதான் காட்டும். இரண்டும் வேண்டும்.

ஜிஎன்ஆர்ஹெச் செல்களை மூக்குப் பக்கம் தேடி நேரத்தை வீணாக்காதே. எலியிலும் மனிதனிலும் இந்தச் செல்கள் கருவில் மூக்கருகே உருவாகி மூளைக்குள் நகர்ந்து வருகின்றன. அந்த நகர்வு தடைப்படும் கால்மன் நோயில் வாசனையும் தெரியாது, பருவமும் வராது. லாம்ப்ரேயிலோ அவை மூளையின் உள்ளறை ஓரத்திலேயே பிறக்கின்றன என்றுதான் சான்றுகள் சொல்கின்றன. பார்வை நரம்புக் குறுக்கீட்டுக்கு முன்னுள்ள பகுதியிலிருந்து ஹைப்போதலாமஸ் வரை ஒரு வில் மாதிரி வரிசையாக நிற்கும். அங்கிருந்து மணி கோத்ததுபோல் மெல்லிய இழைகள் கீழே இறங்கும். அவற்றைப் பின்தொடர்ந்து போ. பாலூட்டிகளில் ஹார்மோனைப் பிட்யூட்டரிக்குக் கொண்டுபோகத் தனி ரத்தக்குழாய்கள் உண்டு, கெண்டையில் நரம்பிழையே பிட்யூட்டரிக்குள் நுழைகிறது. லாம்ப்ரேயில் இரண்டும் கிடையாது. இடையிலுள்ள இணைப்புத்திசு வழியாக ஹார்மோன் ஊறித்தான் போய்ச் சேருகிறது.

சரி, நான் முக்கியமாகச் சொல்ல வந்தது டோபமைன் என்ற நரம்பு ரசாயனத்தைப் பற்றி. தூண்டுவதை மட்டும் தேடுகிறவர்கள் பாதிக் கதையைத்தான் பார்க்கிறார்கள். தங்கமீனில் ஆய்வாளர் ரிச்சர்ட் பீட்டர் காட்டியது, டோபமைன் பிட்யூட்டரிக்கு ஒரு பிரேக் என்பது. அதனால்தான் கெண்டை இனப்பெருக்கப் பண்ணைகளில் போடும் ஊசியில் ஜிஎன்ஆர்ஹெச் போன்ற மருந்தோடு டோபமைனைத் தடுக்கும் டொம்பெரிடோனையும் சேர்க்கிறார்கள். விலாங்கில் இந்தப் பிரேக் இன்னும் பலமானது. அது கடல் பயணம் கிளம்பும் வரை பல ஆண்டுகள் பருவமடையாமலே இருக்கும், டோபமைனை விலக்காமல் ஜிஎன்ஆர்ஹெச் மட்டும் கொடுத்தால் பிட்யூட்டரி அசையாது. எல்லா மீனிலும் இப்படி இல்லை. அட்லாண்டிக் குரோக்கர் மீனில் இந்தத் தடை காணப்படவில்லை. ஆக, ஒரு மீனில் பார்த்ததை இன்னொன்றின் மேல் ஏற்றக் கூடாது. உன் லாம்ப்ரேயை நீயே கேட்க வேண்டும்.

அதனால் ஜிஎன்ஆர்ஹெச்சை மட்டும் நிறமேற்றித் திருப்தி அடைந்துவிடாதே. டோபமைன் செல்களைக் காட்டும் டைரோசின் ஹைட்ராக்சிலேஸுக்கும் காபா என்ற இன்னொரு நரம்பு ரசாயனத்துக்கும் அதே மூளைத் துண்டில் வேறு நிறம் கொடு. ஒன்றின் இழை இன்னொன்றின் செல்லைத் தொடுகிறதா என்பதைப் பக்கத்துத் துண்டை வைத்து ஊகிக்க முடியாது. குஞ்சு, உருமாறும் பருவம், ஆறு ஏறும் பருவம் மூன்றிலும் செய். நேரமெடுக்கும்தான், ஆனால் வேறு வழி இல்லை.

ஒன்று சொல்ல மறந்துவிட்டேன். ஃபிராய்டு மனத்தைப் பற்றி எழுதுவதற்கு வெகு முன்னால், 1877இலும் 1878இலும் வியன்னாவில் லாம்ப்ரேயின் தண்டுவட நரம்புச் செல்களைப் பார்த்துக் கட்டுரை எழுதியிருக்கிறார். இந்த மீனைக் கீழாக நினைக்கிறவர்களிடம் சொல்லி வை.

முதல் ஸ்லைடு தயாரானதும், நன்றாக வந்ததை மட்டும் பொறுக்காமல் எல்லாப் படங்களையும் எனக்கு அனுப்பு. கன்ட்ரோல் ஸ்லைடும் சேர்த்து.

அன்புடன்,
அப்பா