ஒன்பது பேரரசர் விரதம் எடுக்கும் மகளுக்கு

அன்பு மகளுக்கு,

இந்த வருஷம் உன் சீன வீட்டுக்கார அம்மாவோடு சேர்ந்து, அவர்கள் ஒன்பது நட்சத்திர தெய்வங்களுக்காக எடுக்கும் ஒன்பது பேரரசர் விரதம் இருக்கப்போவதாக எழுதியிருந்தாய். மனசுக்கு நிறைவாக இருக்கிறது. ஆனால் நமக்குச் சைவச் சாப்பாடு பழகியதுதானே என்று எண்ணி இறங்கிவிடாதே. அவர்களுடைய விரதத்தில் சாப்பாடு முதல் படி மட்டும்தான்.

2026இல் சீனர்களின் ஒன்பதாம் மாதம் அக்டோபர் 10இல் பிறக்கிறது. நம் நவராத்திரி அதற்கு மறுநாள். சாமியைக் கடலிலிருந்தோ ஆற்றிலிருந்தோ அழைத்து வருவது முந்தின நாள், 9ஆம் தேதி. அதற்குள் நீ தயாராக இருக்க வேண்டும். ஆகவே 6ஆம் தேதியே அடுப்பங்கரையைத் தொடங்கு. குளிர்பெட்டியில் மீனும் முட்டையும் இருந்த தட்டுகளைக் கழுவு. ஒரு சட்டி, ஒரு கரண்டி, ஒரு வெட்டுப் பலகை, இந்த மூன்றையும் விரதத்துக்கென்று தனியாக வை. மரப்பலகையில் பூண்டு வாசம் ஊறிப்போயிருக்கும், தேய்த்தாலும் போகாது. புதுசு வாங்குவதே மேல்.

நம் ஆட்கள் தவறுவது இங்கேதான். கறி, மீன், முட்டையோடு வெங்காயம், பூண்டு, பூண்டு வாசம் அடிக்கும் குச்சாய் கீரை எல்லாமே விலக்கு. பௌத்தர்களின் ஐந்து கார வகைப் பட்டியலில் பெருங்காயமும் உண்டு. சீனர்களின் தாவோ சமய வழியின் பழைய பட்டியலில் கொத்தமல்லி இருக்கிறது. அப்படியானால் நம் ரசமே இரண்டு பட்டியலிலும் மாட்டுகிறது! கடைச் சாம்பார்ப் பொடி, இட்லிப் பொடி, ஊறுகாய் எதையும் தொடாதே, பெருங்காயம் இல்லாதது அபூர்வம். வெளியே சாப்பிட்டால் சம்பலில் பெலாச்சான் என்ற இறால் விழுது, கீரைப் பிரட்டலில் சிப்பிச் சாஸ், சூப்பில் கோழித்தூள் இருக்கும். மஞ்சள் கொடி கட்டிய கடையில் மட்டும் வாங்கு. பால், தயிர் விஷயத்தில் கோயிலுக்குக் கோயில் வழக்கம் மாறும். வீட்டுக்கார அம்மா போகும் கோயிலின் வழக்கத்தையே பின்பற்று. சோயாவில் கோழி மாதிரியும் வாத்து மாதிரியும் செய்து விற்பார்கள். அதில் குற்றம் ஒன்றுமில்லை. ஆனால் ஒன்பது நாளும் நாக்கு கறியையே தேடிக்கொண்டிருந்தால் விரதம் எதற்கு?

தாவோ நூல்கள் விரதத்தை மூன்றாகப் பிரிக்கின்றன. படையல் வைத்துப் புண்ணியம் சேர்ப்பது ஒன்று. உணவை அடக்கி உடம்பையும் உயிரையும் சமனாக்குவது இரண்டாவது. மனத்தைக் காலி செய்வது மூன்றாவது, அதுவே உச்சம். ஐந்தாம் நூற்றாண்டில் லூ ஷியூஜிங் என்ற குரு இந்த விரதச் சடங்குகளை ஒழுங்குபடுத்தினார். விரதம் தன்னைச் சுத்தப்படுத்தும். அதற்குப் பிறகுதான் தெய்வத்துக்குப் படைக்கும் தகுதி வரும். ஆகவே அந்த ஒன்பது நாளும் கோபப் பேச்சு, மது, தாம்பத்தியம் எல்லாம் விலக்கு.

ஒன்பது பேரரசர் யார் என்று கேட்டிருந்தாய். நாம் சப்தரிஷி மண்டலம் என்கிறோமே, அந்த ஏழு நட்சத்திரங்களும் கண்ணுக்குத் தெரியாத துணை நட்சத்திரங்கள் இரண்டும்தான். அவர்களுடைய தாய் தௌமு. வடக்கே இருக்கும் இந்த நட்சத்திரக் கூட்டம் மனிதரின் சாவைக் குறித்து வைக்கும், தெற்குக் கூட்டம் பிறப்பைக் குறிக்கும் என்பது நம்பிக்கை. அதனால்தான் இங்கே ஆயுளையும் பாவ மன்னிப்பையும் வேண்டுகிறார்கள். கோயில் முன்னே மூங்கில் கம்பத்தில் ஒன்பது விளக்குகளை ஏற்றுவதும் இவர்களுக்காகத்தான்.

வீட்டில் சாமிமேடை வைப்பதானால் மஞ்சள் துணி விரித்து ஐந்து பொருள் வை: ஊதுவத்தி, பூ, விளக்கு, தண்ணீர், பழம். புகை வேண்டுதலைக் கொண்டுபோகும், விளக்கு இருட்டை நீக்கும், தண்ணீர் தூய்மைக்கு. ஊதுவத்தி மூன்று போதும். தீயை வாயால் ஊதாதே, கையால் விசிறி அணை. இடது கையால் நடு, மூன்றும் நேராக நிற்கட்டும், இடைவெளி ஓர் அங்குலத்தைத் தாண்டக்கூடாது. ஒன்பது நாளும் விளக்கு எரிய வேண்டுமென்றால் எண்ணெய் பாதியாகும்போதே ஊற்று. அடி வரை விட்டால் திரி கருகி, புதுத் திரி போடும்போது அணைந்துவிடும். கண்ணாடிக் கூண்டு வை. மின்விசிறிக்கு நேரேயும் திரைச்சீலை அருகிலும் வைக்காதே.

கோயிலில் வேண்டுதல் பத்திரத்தில் பெயர் எழுதிக் கொடுப்பார்கள். பெயர், முகவரி, பிறந்த தேதி மூன்றும் வேண்டும். தமிழ்ப் பெயரைச் சீன எழுத்தில் எழுதும்போது மாறிவிடும், வீட்டுக்கார அம்மாவை ஒரு தரம் வாசித்துப் பார்க்கச் சொல். எரித்து மேலே அனுப்புகிற பத்திரம் அது, பிறகு திருத்த முடியாது.

வெள்ளை உடுப்பு, துணிச் செருப்பு போதும். தோல் பெல்ட் வேண்டாம். தீட்டு நாளாக இருந்தால் விரதத்தை விடாதே, கோயிலுக்குள் போவதை மட்டும் கேட்டுக்கொண்டு செய். உள்ளறைக்குள் பணியாளர்கள் தவிர யாரையும் விடமாட்டார்கள், எட்டிப் பார்க்காதே. தூபக் கலசம் வெளியே வரும்போது எல்லோரும் மண்டியிட்டுக் குனிவார்கள், நீயும் குனி. போன் எடுத்துப் படம் பிடிக்காதே.

ஒன்பதாம் நாள், 18ஆம் தேதி இரவு சாமியைக் கடலுக்கு அனுப்பிய பிறகுதான் விரதம் முடியும். மறுநாள் காலையிலேயே ஆட்டுக்கறிக்குப் போகாதே, வயிறு தாங்காது. கஞ்சி, அப்புறம் முட்டை, மாலையில் மீன் என்று போ. மேடையில் வைத்த பழத்தை வீட்டோடு பகிர்ந்து சாப்பிடு. விளக்கில் மிஞ்சிய எண்ணெயைச் சமையலுக்கு ஊற்றிவிடாதே.

அன்புடன்,
அம்மா