தென்னையை வெட்ட வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற வாரம் நாங்குநேரி வாசகர் ஒருவர் எழுதிய கடிதத்தைப் படித்தேன். மழைக்காலம் வந்தாலே தூர்தர்ஷனின் இலவச டிஷ்ஷில் படம் கட்டம் கட்டமாக உடைகிறது, வீட்டுத் தென்னைதான் மறைக்கிறது, வெட்டிவிடுங்கள் என்று டிஷ் மாட்ட வந்தவர் சொல்கிறார் என எழுதியிருந்தார். இன்னும் வெட்டவில்லை என்றால் கொஞ்சம் பொறுக்கட்டும்.

நான் திசையன்விளையில் டி.வி. ரிப்பேர் பார்த்தவன். கடையை மூடிப் பல வருஷம் ஆகிறது. ஆனாலும் "அண்ணாச்சி, படம் போச்சு" என்று தெருவில் குரல் கேட்டால் கை ஏணியைத் தேடும்.

நான் தொழில் பழகிய காலத்தில் சென்னை தூர்தர்ஷன் இங்கே எட்டாது. எங்களுக்கு டி.வி. என்றால் இலங்கை ரூபவாகினி. 1982-ல் தொடங்கிய அந்த நிலையத்தின் கோபுரம், இலங்கையிலேயே உயரமான பிதுருதலாகல மலை உச்சியில் இருந்தது. எங்கள் ஊரிலிருந்து சுமார் 350 கிலோமீட்டர். மலையும் உயரம், நடுவில் மன்னார் வளைகுடா, மறைக்க ஒன்றும் இல்லை. ஜி.ஐ. பைப்பை ஒன்றின்மேல் ஒன்று சொருகி, பனைக்கு மேலே ஏற்றி, மூன்று பக்கமும் கம்பி இழுத்துக் கட்டுவோம். புழுக்கமான, காற்றில்லாத ராத்திரியில் படம் கண்ணாடி மாதிரி இருக்கும். கடல் மேல் குளிர்ந்த காற்றும் அதற்கு மேலே சூடான காற்றும் கலையாமல் அடுக்காக நின்றால், அலை அந்த அடுக்குக்குள் வளைந்து வெகுதூரம் வந்துவிடும். ஆடிக் காற்று பைப்பைத் திருகிவிட்டால் மறுபடி திரையில் புள்ளி புள்ளியாக எறும்புதான் ஓடும். அப்புறம் கொடைக்கானல் நிலையம் வந்தது, எல்லா ஆன்டெனாவும் வடக்கே திரும்பின. இப்போது இங்கே ஆன்டெனாவில் யாரும் படம் பார்ப்பதில்லை. அந்தக் கம்பங்களில் கொடி கட்டித் துணி காயப்போடுகிறார்கள்.

பழைய கதை எதற்கு என்றால், ஒரு காரணம் இருக்கிறது. இலவச டிஷ்ஷுக்குப் படம் அனுப்பும் ஜிசாட்-15 செயற்கைக்கோள் கிழக்கு 93.5 டிகிரியில் நிற்கிறது. திசையன்விளையிலிருந்து அதைப் பார்க்க, நேர் கிழக்கிலிருந்து 27 டிகிரி தெற்கே திரும்ப வேண்டும். பிதுருதலாகலவுக்கு 25 டிகிரி. கிட்டத்தட்ட ஒரே திக்கு! வீட்டில் பெரியவர்கள் இருந்தால், "ரூபவாகினிக்கு எந்தப் பக்கம் திருப்பினீங்க?" என்று கேட்டாலே டிஷ் மாட்டும் திசை கிடைத்துவிடும். நான் பல வீடுகளில் அப்படித்தான் வைத்தேன்.

திசை ஒன்றானாலும் உயரம் வேறு. ரூபவாகினி அடிவானத்திலிருந்து வந்தது. இந்தக் கோளோ நம் பக்கத்தில் ஏறக்குறைய 69 டிகிரி உயரத்தில், தலைக்கு மேல் என்றே சொல்லலாம். டிஷ்ஷின் முகம் அவ்வளவு மேலே பார்ப்பதாகத் தெரியாது, அதன் அமைப்பு அப்படி. அதனால்தான் எதிரே நிற்கிற மரத்தின் மேல் எல்லோருக்கும் சந்தேகம் வருகிறது. கணக்குப் போட்டுப் பாருங்கள். டிஷ்ஷைவிட 30 அடி உயர்ந்த மரம், அந்தத் திக்கில் சுமார் 12 அடிக்குள் இருந்தால்தான் மறைக்கும். அதையும் தூரிலிருந்து அளக்கக் கூடாது, மட்டை நுனியிலிருந்து அளக்க வேண்டும்.

அளக்கச் சோம்பல் என்றால் சூரியனையே கேட்கலாம். பங்குனி பிறந்து இரண்டு மூன்று நாளிலும், புரட்டாசி 10 வாக்கிலும், காலை 11 மணியையொட்டி சூரியன் அந்தக் கோளுக்கு நேர் பின்னால் வருகிறது. அப்போது டிஷ் மேல் முழு வெயில் விழுந்தால் மரம் நிரபராதி. நிழல் விழுந்தால் இரண்டு மட்டையைக் கழித்தால் போதும், இல்லை டிஷ்ஷை மாடியின் மறு மூலைக்கு மாற்றலாம். அந்த நாட்களில் அதே நேரத்துக்குச் சில நிமிஷம் படம் போகும். அது சூரியனின் இரைச்சல். அதற்காக யாரும் டிஷ்ஷைத் தொட்டுக் கெடுத்துவிடாதீர்கள்.

மரம் இல்லையென்றால் வேறு என்ன? நான் பார்த்தவரை முக்கால்வாசிப் பழுது, டிஷ்ஷுக்கு எதிரே கம்பி நுனியில் அலையை வாங்குகிற எல்.என்.பி. என்ற சின்னப் பெட்டியில் கேபிள் மாட்டும் இடத்தில்தான். போன ஐப்பசியில் எங்கள் தெரு ஆச்சி வீட்டில் புது பாக்ஸ் வாங்கச் சொல்லிவிட்டார்கள். ஏறிப் பார்த்தேன். கனெக்டரைக் கழற்றினால் பச்சையாகக் களிம்பு, உள்ளே தண்ணீர். உவரிப் பக்கத்து உப்புக் காற்றுக்கு அது ஒரு வருஷம் தாங்கினாலே பெரிது. கேபிளில் ஒரு சாண் வெட்டி எறிந்து, புது கனெக்டர் போட்டு, சைக்கிள் டியூபைக் கீறி இறுக்கிச் சுற்றினேன். வெறும் இன்சுலேஷன் டேப் ஒரு கோடை வெயிலில் பசை விட்டுவிடும். கேபிள் வீட்டுக்குள் நுழையும் முன் கீழே ஒரு தொங்கல் விட்டால் மழைத் தண்ணீர் அங்கேயே சொட்டிவிடும். ஆச்சிக்கு ஆன செலவு ஒரு கனெக்டரும் எனக்கு ஒரு தம்ளர் கருப்பட்டிக் காபியும்.

இன்னொன்று, எல்.என்.பி.யைத் திருகி வைப்பது. தெற்கே வரவர அதை அதிகமாகத் திருக வேண்டும். டெல்லியில் 30 டிகிரிக்கும் குறைவு, நம் பக்கம் 60 டிகிரி வாக்கில். மாட்ட வருகிறவர்கள் பலர் நேராகவே வைத்துவிட்டு, படம் வந்ததும் இறங்கிவிடுகிறார்கள். வெயில் நாளில் ஓடும், லேசாகத் தூறினாலும் உடையும். பாக்ஸ் மெனுவில் இரண்டு கோடு தெரியும். 'ஸ்ட்ரெங்த்' கோட்டை நம்பாதீர்கள், டிஷ் வேறு பக்கம் பார்த்தாலும் அது நிறைந்தே நிற்கும். 'குவாலிட்டி' கோட்டைப் பார்த்துக்கொண்டே, ஒருவர் மேலே மெல்லத் திருக வேண்டும்.

இத்தனையும் செய்த பிறகும் கொட்டோ கொட்டென்று கொட்டும்போது படம் போகத்தான் செய்யும். அந்த அலைவரிசையை மழைத்துளி விழுங்கிவிடும். பத்து நிமிஷம் திண்ணையில் உட்கார்ந்து மழையைப் பாருங்கள்.

நாங்குநேரி வாசகர், தென்னை எந்தத் திக்கில், எத்தனை அடி தள்ளி நிற்கிறது என்று எழுதவில்லை. அளந்து இந்தப் பகுதிக்கே எழுதினால் பதில் சொல்கிறேன். அரிவாளை அதுவரை உள்ளேயே வைத்திருக்கட்டும்.

இப்படிக்கு,
பழைய டி.வி. மெக்கானிக் ஒருவர்,
திசையன்விளை.