பழைய முகவரிகள் எங்கே போயின?

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் வந்து இரண்டு வாரம் ஆகிறது. பதில் தாமதமானதற்குக் காரணம் சோம்பல் இல்லை. நீ இணைத்திருந்த விளம்பரக் கணக்கை மூன்று முறை படித்த பிறகும் ஏதோ ஒன்று பிடிபடாமல் இருந்தது. ஆறு மாதத்துக்கு முன் ஒரு கிளிக்குக்கு நீ கொடுத்த தொகை இப்போது ஏறக்குறைய இரண்டு மடங்காகியிருக்கிறது. அதே காலத்தில், தையல் இயந்திர உதிரிபாகங்களைத் தேடுவோருக்கு முதல் பக்கத்தில் தென்பட்டுக்கொண்டிருந்த உன் தளம் இரண்டாம் பக்கத்துக்கு இறங்கியிருக்கிறது. கட்டண விளம்பரமும், பணம் கட்டாமல் கிடைக்கும் இயல்பான தரவரிசையும் ஒன்றாகச் சரிந்தால், போட்டியாளர்கள் வலுத்துவிட்டார்கள் என்றுதான் யாருக்கும் தோன்றும். நீயும் அப்படித்தான் எழுதியிருந்தாய். ஆனால் கடிதத்தின் கடைசியில், தளத்தை முழுவதும் புதிதாக வடிவமைத்துவிட்டதாகவும் பார்க்க மிக அழகாக இருப்பதாகவும் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தாயே, விடை அந்த வரியில்தான் இருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது.

முதலில் விளம்பரச் செலவை எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் உன்னை அதிகம் வாட்டுவது அதுதான். ஒரு கிளிக்குக்குத் தருவதாகச் சொல்லும் ஏலத்தொகையை உயர்த்தினால்தான் மேலே வர முடியும் என்ற எண்ணம் உனக்கு எங்கிருந்து வந்தது என்பது எனக்குத் தெரியும். தேடல் விளம்பரம் தொடங்கிய காலத்தில் அது உண்மையாகவே இருந்தது. 1998-இல் கோடூ என்ற தேடுபொறி, ஒரு சொல்லுக்கு யார் அதிகம் தருகிறாரோ அவரையே மேலே காட்டி, கிளிக் ஒன்றுக்கு அவர் சொன்ன தொகையையே வாங்கிக்கொண்டது. பின்னர் ஓவர்ச்சர் என்று பெயர் மாறிய அந்த நிறுவனத்தை 2003-இல் யாகூ வாங்கியது. கூகுள் 2000 அக்டோபரில் ஆட்வேர்ட்ஸ் என்ற பெயரில் விளம்பரம் விற்கத் தொடங்கி, 2002-இல் கிளிக் ஏலத்துக்கு மாறியபோது ஒரு திருத்தம் செய்தது. கேட்கும் தொகையோடு, அந்த விளம்பரத்தை எத்தனை பேர் சொடுக்குகிறார்கள் என்பதையும் பெருக்கிப் பார்த்தது. அதற்கும் மேலாக, வென்றவர் தாம் சொன்ன தொகையைக் கட்ட வேண்டியதில்லை; தமக்கு அடுத்திருப்பவரை மிஞ்சத் தேவையான தொகையைக் கட்டினால் போதும் என்றும் வைத்தது.

இதை ஒரு கணக்காகப் போட்டுப் பார். நீ ஒரு கிளிக்குக்கு 12 வரை தரத் தயார், சொடுக்கப்படும் வாய்ப்பு போன்றவற்றைக் கொண்டு உன் விளம்பரத்துக்குக் கிடைக்கும் தரம் 8 என்று கொள்வோம், பெருக்கினால் 96. இன்னொருவர் 20 தரத் தயார், ஆனால் தரம் 4, பெருக்கினால் 80. மூன்றாமவர் 6 தருகிறார், தரம் 10, பெருக்கினால் 60. முதலிடம் உனக்கு. நீ கட்ட வேண்டியது 80-ஐ 8-ஆல் வகுத்தால் வரும் 10-க்குச் சற்று மேல். உனக்குக் கீழே இருப்பவர் கட்ட வேண்டியது 60-ஐ 4-ஆல் வகுத்தால் வரும் 15-க்குச் சற்று மேல். கீழே நிற்பவர் மேலே நிற்பவரைவிட ஒன்றரை மடங்கு அதிகம் கொடுக்கிறார்! இப்போது உன் தரம் மட்டும் 8-இலிருந்து 4-க்கு இறங்கியதாக வைத்துக்கொள். அதே 12-க்கு நீ 48-ஆகி மூன்றாம் இடத்துக்குத் தள்ளப்படுவாய். பழைய இடத்துக்கு வர வேண்டுமானால் 20-க்கும் மேல் சொல்லி, ஏறக்குறைய 20-ஐயே கட்ட வேண்டியிருக்கும். போட்டியாளர்கள் யாரும் ஒரு துரும்பைக்கூட அசைக்கவில்லை. ஆனாலும் உன் செலவு 10-இலிருந்து 20 ஆகிவிட்டது. இன்றைய ஏலம் இத்தனை எளிய பெருக்கல் இல்லை. தேடுபவர் இருக்கும் இடம், சாதனம், நேரம், குறைந்தபட்ச வரம்புகள் என்று பலவும் அதில் சேர்ந்துவிட்டன. உன் கணக்கில் 1 முதல் 10 வரை காட்டப்படும் தர மதிப்பெண்கூட நோயைக் காட்டும் வெப்பமானி போன்றதே தவிர, அந்த எண்ணே நேராக ஏலத்துக்குள் போவதில்லை. இருந்தாலும் செலவு ஏறும் வழி இதுதான்.

அந்த மதிப்பெண்ணுக்குப் பின்னால் மூன்று அம்சங்கள் இருக்கின்றன: விளம்பரத்தைச் சொடுக்குவார்கள் என்ற எதிர்பார்ப்பு, தேடிய சொல்லுக்கும் விளம்பர வாசகத்துக்கும் உள்ள பொருத்தம், சொடுக்கியவர் போய்ச் சேரும் பக்கத்தின் அனுபவம். நீ அனுப்பிய அட்டவணையில் முதல் இரண்டும் மாறவில்லை. மூன்றாவது மட்டும், மறுவடிவமைப்பு நடந்த மாதத்திலிருந்து, 'சராசரிக்குக் கீழே' என்று நிற்கிறது. உன் புதிய முகப்பை என் கைப்பேசியில் திறந்து பார்த்தேன். மேலே ஓடும் அந்தப் பெரிய படங்கள் வந்து சேர ஆறு நொடிகளுக்கு மேல் ஆயின. படித்துக்கொண்டிருந்த வரி திடீரென்று கீழே நழுவியது. பொத்தானைத் தொட்டால் விரலுக்கு அடியிலிருந்து அது விலகிப் போயிற்று. பக்கத்தின் முதன்மையான உள்ளடக்கம் 2.5 நொடிக்குள் தெரிய வேண்டும், தொட்டால் 200 மில்லி நொடிக்குள் பதில் வர வேண்டும், உள்ளடக்கம் இடம் பெயரும் அளவு 0.1-ஐத் தாண்டக் கூடாது என்பவை கூகுள் வெளிப்படையாகவே அறிவித்திருக்கும் வரம்புகள். அழகு எனக்கும் பிடிக்கும். ஆனால் அறுந்த நூலோடு நள்ளிரவில் உதிரிபாகம் தேடும் ஒருவருக்கு உன் ஓடும் படங்களால் என்ன பயன் என்று கேட்கத்தான் தோன்றுகிறது.

விலை ஏறியதற்கு முழுப் பழியையும் உன் மேல் போட மாட்டேன். அமெரிக்க நீதித்துறை தொடுத்த வழக்கில் 2024 ஆகஸ்டில் நீதிபதி அமித் மேத்தா அளித்த தீர்ப்பு, கூகுள் தேடலில் தன் ஏகபோகத்தைச் சட்டத்துக்கு மாறாகக் காத்துக்கொண்டது என்றும், எழுத்து விளம்பரங்களின் விலையைப் போட்டியின் கட்டுப்பாடு இல்லாமல் உயர்த்த அதனால் முடிந்தது என்றும் சொன்னது. ஆனால் அந்த உயர்வு எல்லோரையும் ஒருசேரத் தொடும். உனக்கு மட்டும் இரட்டிப்பானதற்கு அது காரணம் ஆகாது. ஒரு நாளில் உன் தினசரி வரம்பைப் போல இரண்டு மடங்கு பிடித்துவிட்டார்கள் என்று கோபித்திருந்தாய். அது விதியிலேயே இருக்கிறது. ஒரு நாளில் இரண்டு மடங்கு வரை போகலாம், மாத மொத்தம் தினசரி வரம்பின் 30.4 மடங்கைத் தாண்டாது.

இனி தரவரிசைக்கு வருகிறேன். விளம்பரத்துக்கு அதிகம் செலவிட்டால் இயல்பான முடிவுகளிலும் கருணை காட்டுவார்கள் என்று யாரோ உன்னிடம் சொல்லியிருக்கிறார்கள். இரண்டுக்கும் தொடர்பில்லை என்று கூகுள் பலமுறை சொல்லிவிட்டது. என் அனுபவமும் அதற்கு மாறாக இல்லை. உன் சரிவுக்குக் காரணம் வேறு. உன் பழைய பக்கங்கள் மூன்றின் முகவரிகளை நான் ஒரு குறிப்பேட்டில் எழுதி வைத்திருந்தேன். அவற்றைத் திறந்து பார்த்தேன். மூன்றும் 'பக்கம் இல்லை' என்றன. அதே கட்டுரைகள் புதிய முகவரிகளில் பத்திரமாக இருக்கின்றன, ஆனால் பழையதிலிருந்து புதியதற்கு வழி காட்டும் 301 திருப்பம் எதுவும் இல்லை.

இது எவ்வளவு பெரிய இழப்பு என்று நீ உணர வேண்டும். லாரி பேஜும் செர்கெய் பிரினும் 1998-இல் முன்வைத்த பேஜ்ரேங்க் முறை, ஒரு பக்கத்தை நோக்கி வரும் இணைப்புகளைப் பரிந்துரைகளாக எண்ணியது. பரிந்துரைப்பவரே பலரால் பரிந்துரைக்கப்பட்டவராக இருந்தால் அவர் சொல்லுக்கு எடை கூடியது. இன்று நூற்றுக்கணக்கான குறிப்புகளுள் அதுவும் ஒன்றாகிவிட்டாலும், இணைப்புகளுக்கு இன்னும் மதிப்பு இருக்கிறது. நூல் இழுப்பை எப்படிச் சரிசெய்வது என்று நீ பத்து ஆண்டுகளுக்கு முன் எழுதிய அந்த நீண்ட கட்டுரைக்கு எத்தனை தையல்காரர்கள், எத்தனை பயிற்சித் தளங்கள் இணைப்புக் கொடுத்திருந்தார்கள்! அத்தனை பேரும் இப்போது இடிந்துபோன வீட்டு வாசலைச் சுட்டிக்கொண்டிருக்கிறார்கள். புதிய முகவரியோ நேற்றுப் பிறந்த குழந்தையைப் போல யாருடைய பரிந்துரையும் இல்லாமல் நிற்கிறது.

ஊகத்தை நம்பாமல் சரிபார்க்கவும் வழி இருக்கிறது. ஒரு தளம் தேடலில் எப்படித் தோன்றுகிறது என்று அதன் உரிமையாளருக்குக் காட்டும் கூகுளின் சர்ச் கன்சோல் கருவி 16 மாதத் தரவை வைத்திருக்கும். மறுவடிவமைப்புக்கு முந்தைய மூன்று மாதங்களையும் பிந்தைய மூன்று மாதங்களையும் பக்கவாரியாக ஒப்பிட்டுப் பார். தளம் முழுவதும் ஒரே தேதியிலிருந்து மெல்ல இறங்கியிருந்தால் தேடுபொறியின் பொதுவான புதுப்பிப்பைச் சந்தேகிக்கலாம். தோன்றும் எண்ணிக்கையும் இடமும் மாறாமல் கிளிக் மட்டும் குறைந்திருந்தால், உனக்கு மேலே வேறு ஏதோ இடத்தை அடைத்துக்கொண்டிருக்கிறது என்று பொருள். நான்கு விளம்பரங்கள் வரை மேலே வரலாம். 2024 முதல் செயற்கை நுண்ணறிவு எழுதும் சுருக்கமும் சில தேடல்களில் தலைமேல் உட்கார்ந்துகொள்கிறது. குறிப்பிட்ட சில பக்கங்கள் மட்டும் செங்குத்தாகப் பூஜ்யத்துக்கு விழுந்திருந்தால் அது முகவரிச் சிக்கல்தான். நான் மூன்றாவதையே எதிர்பார்க்கிறேன்.

ஒவ்வொரு பழைய முகவரியையும் அதற்கு இணையான புதிய முகவரிக்குத் திருப்பும்படி வடிவமைப்பாளரிடம் சொல். எல்லாவற்றையும் மொத்தமாக முகப்புக்குத் திருப்பிவிட்டுக் கை கழுவுவார்கள், விடாதே. திருப்பங்களைக் குறைந்தது ஓர் ஆண்டு வைத்திருக்கும்படி கூகுளே சொல்கிறது. நீ எப்போதைக்குமாக வைத்துக்கொள்.

முப்பது நாளில் முதலிடம் என்று உறுதி தந்த முகவரைப் பற்றிக் கேட்டிருந்தாய். அவர் அனுப்பிய திட்டத்தில் 'கீவேர்ட்ஸ் மெட்டா குறி நிரப்புதல்' என்று ஒரு வரி இருந்ததைக் கவனித்தாயா? பக்கத்தின் நிரலுக்குள் ஒளிந்து தேடல் சொற்களைப் பட்டியலிடும் அந்தக் குறியைத் தரவரிசைக்குப் பயன்படுத்துவதில்லை என்று கூகுள் 2009-லேயே அறிவித்துவிட்டது. அதைக்கூடச் சிரித்து ஒதுக்கிவிடலாம். 'மாதம் ஐந்நூறு பேக்லிங்க்', அதாவது பிற தளங்களிலிருந்து உன் தளத்துக்கு ஐந்நூறு இணைப்புகள், என்ற வரிதான் எனக்கு நடுக்கம் தருகிறது. என் கடிகாரத் தளத்துக்கு அப்படிப்பட்ட ஒருவரிடம் நான் பணம் கொடுத்த கதையை உன்னிடம் முழுவதும் சொன்னதில்லை, வெட்கம்தான் காரணம். முதல் நான்கு மாதம் ஏறுமுகம். 2012 ஏப்ரலில் கூகுளின் தரவரிசை முறையில் பென்குயின் என்ற மாற்றம் வந்தது. விலைக்கு வாங்கிய இணைப்புகளைக் குறிவைத்து வந்த மாற்றம் அது. ஒரே வாரத்தில் என் வாசகர்களில் முக்கால்வாசிப் பேர் காணாமல் போனார்கள். அந்த ஆண்டு அக்டோபரில் கூகுள் இணைப்புகளை மறுதலிக்கும் கருவியைத் தந்த பிறகு, நூற்றுக்கணக்கான குப்பைத் தளங்களின் பெயர்களை இரவுகளில் உட்கார்ந்து பட்டியலிட்டு அனுப்பினேன். அப்போதெல்லாம் பென்குயின் கணக்கு அவர்கள் புதுப்பிக்கும்போதுதான் மாறும். உடனுக்குடன் மாறும்படி செய்தது 2016 செப்டம்பரில்தான். எனவே திருந்திய பிறகும் மன்னிப்புக்காக மாதக்கணக்கில் காத்திருந்தேன். அந்த முகவரின் தொலைபேசி எண் அதற்குள் மாறிவிட்டிருந்தது.

விளம்பரத்தையே நிறுத்திவிடலாமா என்றும் கேட்டிருக்கிறாய். வேண்டாம், ஆனால் இரண்டு இடங்களில் கத்தரி. உன் தளத்தின் பெயரையே தேடுபவர்களுக்கு விளம்பரம் காட்டி, ஒவ்வொரு கிளிக்குக்கும் கட்டிக்கொண்டிருக்கிறாய். ஈபே நிறுவனம் 2012-இல் தன் பெயர்ச் சொற்களுக்கான விளம்பரத்தைச் சில தேடுபொறிகளில் நிறுத்திப் பார்த்தது. இழந்த வருகை ஏறக்குறைய முழுவதும் இயல்பான முடிவுகள் வழியே திரும்பி வந்துவிட்டதைப் பொருளியலாளர்கள் மூவர் ஆராய்ந்து எழுதியிருக்கிறார்கள். உன் பெயரின் மேல் வேறு யாரேனும் விளம்பரம் போடுகிறார்களா என்று மட்டும் பார்த்துவிட்டு, இல்லையென்றால் இரண்டு வாரம் நிறுத்திப் பார். மற்றொன்று, தொடர்புள்ள தேடல்களுக்கெல்லாம் விளம்பரம் காட்டும் பிராட் மேட்ச் முறையில் நீ விட்டிருக்கும் சொற்கள். 'தையல் வகுப்பு', 'தையல் வேலை' என்று தேடியவர்கள் உன் விளம்பரத்தைச் சொடுக்கி, பாபினையும் பெல்ட்டையும் பார்த்துவிட்டுத் திரும்பியிருக்கிறார்கள். அவற்றை நெகட்டிவ் கீவேர்டாக, அதாவது விளம்பரம் காட்ட வேண்டாத சொற்களாக, சேர்த்துவிடு.

ஆனால் இதையெல்லாம் காட்டிய தேடல் சொல் அறிக்கையை எறிந்துவிடாதே. நீ கொடுத்த பணத்தில் கிடைத்த மிக விலையுயர்ந்த சரக்கு அதுதான் என்பேன். நீ 'இழுவிசைச் சீரமைப்பு' என்று தலைப்பிட்டிருக்கிறாய். வாங்க வருபவர்கள் 'மிஷினில் நூல் அறுந்துகொண்டே இருக்கிறது' என்று எழுதித் தேடுகிறார்கள். அந்த வாக்கியங்களை அப்படியே எடுத்துக்கொண்டு ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்கம் எழுது. உன்னைவிடத் தெளிவாக அதை எழுதக்கூடியவர் எனக்குத் தெரிந்து யாரும் இல்லை. ஏலத்தொகையை எவ்வளவு வைக்கலாம் என்பதற்கும் உன்னிடமே விடை இருக்கிறது. நூறு பேர் வந்தால் இரண்டு பேர் வாங்குகிறார்கள், ஒரு விற்பனையில் 300 மிஞ்சுகிறது என்றால், ஒரு வருகைக்கு 6-க்கு மேல் கொடுப்பது நட்டம். பக்கத்தைச் சரிசெய்து அந்த இரண்டை மூன்றாக்கினால் 9 வரை தாங்கும். அதுவரை தொகையைத் தொடாதே.

பழைய முகவரிகளின் முழுப் பட்டியல் வடிவமைப்பாளரிடம் இல்லை என்று சொல்வார்கள். பெரும்பாலும் அப்படித்தான் சொல்வார்கள். சர்ச் கன்சோலில் மறுவடிவமைப்புக்கு முந்தைய மாதங்களின் பக்க அறிக்கையைத் தரவிறக்கி எனக்கு அனுப்பு. ஞாயிற்றுக்கிழமை எனக்கு வேலை இல்லை. பழையதையும் புதியதையும் இரண்டு நெடுவரிசைகளாக நானே இணைத்துத் திருப்பி அனுப்புகிறேன். நூல் இழுப்புக் கட்டுரையை முதல் வரிசையில் வைப்பேன்.

அன்புடன்,
உன் பழைய நண்பன்