பொருள்: இத்தாலிய மொழிச் செயலியில் ‘இஸ்ஸிமோ’ சொற்களின் அழுத்தமும் அசைப்பிரிப்பும் தவறு

பெறுநர்
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

உங்கள் செயலிக்கு ஓராண்டுச் சந்தா கட்டியிருக்கிறோம். ‘மிக’ என்ற பொருள் தர ஈற்றில் ‘இஸ்ஸிமோ’ விகுதி சேரும் சூப்பர்லேட்டிவ் பெயரடைகளைச் சொல்லித்தரும் 9ஆம் பாடம் பிழையாக இருக்கிறது.

ஒலிப்பதிவில் ‘பெல்லிஸ்ஸிமோ’ என்ற சொல் ‘பெல்லிஸீமோ’ என்று கேட்கிறது. பெல்-லிஸ்-ஸி-மோ என்று பிரித்து, ஈற்றிலிருந்து மூன்றாவது அசையான ‘லிஸ்’ மேல்தான் அழுத்தம் தரவேண்டும். இத்தாலியச் சொற்கள் பெரும்பாலும் ஈற்றயல் அசையில், அதாவது கடைசிக்கு முந்தைய அசையில், அழுத்தம் பெறும். கணினிக் குரலுக்கு அந்த ஒரு விதியை மட்டும் கொடுத்திருப்பதாகத் தெரிகிறது. ‘இஸ்ஸிமோ’ விகுதி அதற்குள் அடங்காது. ‘நோபிலே’யில் ‘நோ’ மேல் இருக்கும் அழுத்தம், ‘நோபிலிஸ்ஸிமோ’வில் ‘லிஸ்’ மேல் போய்விடும். பாலும் எண்ணும் மாறி, ஈறு மா, மி, மே என்றானாலும் அந்த இடம் மாறாது. அழுத்தக் குறி சொல்லின் கடைசி உயிருக்கு மட்டுமே கட்டாயம் என்பதால் எழுத்தைப் பார்த்து இதைக் கண்டுபிடிக்க முடியாது. படிப்பவர் உங்கள் ஒலியைத்தான் நம்புவார்.

அழுத்தம் என்றதும் நம்மவர்கள் உயிரை நீட்டிவிடுவார்கள். ‘லீஸ்’ என்று நீட்டக் கூடாது. அசை மெய்யில் முடிவதால் இகரம் குறிலாகவே நிற்கும். ‘ஸ்’தான் ஒரு கணம் தங்கி அடுத்த அசைக்குப் போகும், ‘பட்டம்’ என்னும்போது ‘ட்’ தங்குவதுபோல. படத்துக்கும் பட்டத்துக்கும் வேறுபாடு கேட்டுப் பழகிய காதுக்கு இதைப் புரியவைப்பது எளிது. உங்கள் பதிவிலோ ஒற்றை ‘ஸ்’தான் இருக்கிறது.

அசை பிரித்துக் காட்டும் அட்டைகளில் ‘த்ரிஸ்-திஸ்-ஸி-மோ’ என்று போட்டிருக்கிறீர்கள். இரட்டித்த ‘ஸ்ஸ்’ நடுவில் பிரியும். ‘ஸ்’ஸை அடுத்து வேறு மெய் வந்தால் பிரியாது. த்ரி-ஸ்திஸ்-ஸி-மோ என்பதே சரி. ‘லுங்கோ’விலிருந்து வரும் ‘லுங்கிஸ்ஸிமோ’வில், ‘ஜி’ (g) எழுத்து ஜகரமாக ஒலிக்காமலிருக்க அதன்பின் ‘எச்’ (h) சேர்க்கிறார்கள். இரண்டும் சேர்ந்து ஓர் ஒலி. அவற்றின் நடுவே கோடு போட்டு வெட்டியிருக்கிறீர்கள். சேர்த்தே அடுத்த அசைக்குக் கொண்டுபோக வேண்டும்.

இதைவிட வருத்தம் தருவது, அழுத்தம் பெறும் அசையைத் தொடச் சொல்லும் பயிற்சித் தேர்வு. ‘லிஸ்’ என்று சரியாகத் தொட்டவர்களுக்குச் சிவப்புக் குறி விழுகிறது. சரியாகத் தெரிந்தவரும் அடுத்த முறை தவறானதைத் தொடுகிறார்.

இத்தாலியர் ஒருவரின் குரலில் இப்பாடத்தை மறுபடி பதிவுசெய்து, அட்டைகளையும் விடைகளையும் 15 நாட்களுக்குள் திருத்தித் தாருங்கள். முடியாதென்றால், மீதமுள்ள மாதங்களுக்கான சந்தாத் தொகையைத் திருப்பி அனுப்புங்கள்.

இப்படிக்கு,
9ஆம் பாடம் படிக்கும் சந்தாதாரர்கள்