மோர்க் கணக்குக்கு ஒரு மதிப்பெண்: பொருளியல் விடைக்குறிப்புக் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஐயா, அம்மையீர்,

வணக்கம். பதினோராம் வகுப்புப் பொருளியல் திருப்புதல் தேர்வின் அந்த 5 மதிப்பெண் வினாவைப் பற்றித்தான் மறுபடியும் எழுதுகிறேன். தொலைபேசியில் கேட்டபோது, "விடைக்குறிப்பில் உள்ளபடிதான் திருத்த முடியும்" என்றீர்கள். கடிதம் எழுதினேன், பதில் இல்லை. ஆகவே இப்போது எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன். கோபத்தில் எழுதுகிறேன் என்று நினைக்க வேண்டாம். கோபம் இருந்த பிரதியைக் கிழித்துப் போட்டுவிட்டேன். இது மூன்றாவது பிரதி.

முற்றுரிமையாளரின், அதாவது போட்டியின்றித் தனியொருவராக விற்பவரின், இறுதிநிலை வருவாய் (ஓர் அலகு கூடுதலாக விற்பதால் வரும் கூடுதல் வருவாய்) விலையைவிடக் குறைவாக இருப்பது ஏன் என்பது வினா. உங்கள் விடைக்குறிப்பு சொல்வது இது: சராசரி வருவாய்க் கோடு (அலகுக்குக் கிடைக்கும் வருவாய், அதாவது விலை) கீழ்நோக்கிச் சரியும்; இறுதிநிலை வருவாய்க் கோடு அதற்குக் கீழே அமையும்; எனவே இறுதிநிலை வருவாய் விலையைவிடக் குறைவு. வரைபடத்துக்கு 2, விளக்கத்துக்கு 3.

ஒருவர் ஏன் குள்ளமாக இருக்கிறார் என்று கேட்டால், அவருக்கு உயரம் குறைவு என்று பதில் சொல்வதைப் போன்றது இது. வினாவில் உள்ள "ஏன்" என்ற சொல்லை நீங்கள் படித்தீர்களா என்று கேட்க மாட்டேன். வினாவைத் தயாரித்தவர்களே நீங்கள்தானே.

என் மாணவி ஒருத்தி அந்தச் சொல்லைப் படித்தாள். அவளுடைய அம்மா, எங்கள் ஊருக்கு அருகில் உள்ள சிறு குன்றின் பாதிப் படியில் நீர்மோர் விற்கிறார். ஏலம் எடுத்த கடை. வேறு யாரும் அந்தப் படிகளில் குடிக்க எதையும் விற்கக்கூடாது என்பது ஏலத்தின் நிபந்தனை. புத்தகத்தில் நாம் தேடித் தேடி உதாரணம் சொல்கிறோமே, அந்த முற்றுரிமை அவள் வீட்டில் அடுப்படிக்குப் பக்கத்தில் மண்பானையில் இருக்கிறது. புரட்டாசிச் சனிக்கிழமைகளில் அந்த அம்மா வாரத்துக்கு ஒரு விலை வைத்துப் பார்த்தார். கணக்கை நோட்டில் எழுதி வைத்தவள் மகள். அதையே விடைத்தாளில் எழுதினாள்.

டம்ளர் 20 ரூபாய் என்றபோது 50 டம்ளர் விற்றது. கல்லாவில் 1000 ரூபாய். 19 ரூபாய் என்றபோது 55 டம்ளர், 1045 ரூபாய். கூடுதலாக விற்ற 5 டம்ளருக்கு 19 வீதம் 95 ரூபாய் வந்திருக்க வேண்டும். வந்ததோ 45. மீதி 50 ரூபாய் எங்கே போயிற்று? முதல் வாரம் 20 ரூபாய் கொடுக்கத் தயாராக இருந்த அந்த 50 பேருக்கும் இப்போது தலைக்கு ஒரு ரூபாய் விட்டுக்கொடுத்தாகிவிட்டது. சிலேட்டில் எழுதியிருப்பது ஒரே விலை. புதிதாக வந்த ஐந்து பேருக்காகக் குறைத்தது, ஏற்கெனவே வாங்கிக்கொண்டிருந்தவர்களுக்கும் சேர்த்துத்தான். ஆகவே விலை 19. கூடுதல் டம்ளர் ஒவ்வொன்றும் உள்ளே கொண்டுவந்தது 9.

விடை இவ்வளவுதான். இதற்கு மேல் இந்த வினாவில் சொல்ல ஒன்றும் இல்லை. ஆனால் அவள் நிறுத்தவில்லை. 18 ரூபாய்க்கு 60 டம்ளர், 1080 ரூபாய். கூடுதல் டம்ளருக்கு 7. 17 ரூபாய்க்கு 65 டம்ளர், 1105 ரூபாய். கூடுதல் டம்ளருக்கு 5. தயிர், இஞ்சி, மேலே தண்ணீர் சுமக்கும் கூலி எல்லாம் சேர்த்து டம்ளருக்கு 6 ரூபாய் அடக்கம். எனவே 18-இல் அம்மா நின்றுவிட்டார் என்று எழுதியிருக்கிறாள். சரிபார்த்தேன். அடக்கம் போக 19-இல் 715 ரூபாய், 18-இல் 720, 17-இல் மறுபடியும் 715. ஒவ்வொரு சனிக்கிழமையும் கூட்டம் ஒன்றுபோல் இருக்குமா என்று நீங்கள் கேட்கலாம். "மற்றவை மாறாதிருக்கும்போது" என்று அவளே எழுதிவிட்டாள்.

இதற்கு அவள் பெற்றது 1 மதிப்பெண். அதுவும் அச்சுகளுக்குச் சரியாகப் பெயரிட்டதற்காக என்று நினைக்கிறேன். ஓரத்தில் சிவப்பு மையில் "தேவையற்ற கணக்கு" என்று எழுதப்பட்டிருக்கிறது.

தாளை எடுத்துக்கொண்டு ஆசிரியர் அறைக்கு வந்தாள். "சார், கணக்கில் எங்கே தவறு?" என்று கேட்டாள். தவறு இல்லை என்றேன். "அப்படியானால் மோர் என்று எழுதியதுதான் தவறா?" என்றாள். இருபத்தாறு ஆண்டுகளாகப் பாடம் நடத்துகிறேன். அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை.

உங்கள் விடைக்குறிப்பின் அடிக்குறிப்பில் நெகிழ்ச்சி வாய்ப்பாடு தரப்பட்டிருக்கிறது: ஒன்றிலிருந்து நெகிழ்ச்சியின் தலைகீழைக் கழித்து, கிடைப்பதை விலையோடு பெருக்கினால் இறுதிநிலை வருவாய். நெகிழ்ச்சி என்பது, விலை ஒரு சதவீதம் மாறினால் வாங்கும் அளவு எத்தனை சதவீதம் மாறும் என்பது. நல்ல வாய்ப்பாடு. அதை மோர்க்கடையில் போட்டுப் பார்ப்போம். ஒரு ரூபாய்க்கு 5 டம்ளர் மாறுகிறது. 18 ரூபாயில் 60 டம்ளர். நெகிழ்ச்சி 1.5. வாய்ப்பாடு தரும் இறுதிநிலை வருவாய் சரியாக 6 ரூபாய். அவள் கண்ட 7-க்கும் 5-க்கும் நடுவே, அம்மாவின் அடக்கத்துக்கு நேராக. வாய்ப்பாடும் பானையும் ஒரே பதிலைச் சொல்கின்றன. வாய்ப்பாட்டுக்கு மதிப்பெண் உண்டு, பானைக்கு இல்லை.

அவளுடைய கடைசி வரியின் மீதும் சிவப்புக் கோடு விழுந்திருக்கிறது. "ஏலத்தொகை கூடினாலும் விலை 18 தான்" என்பது அந்த வரி. கல்லூரி மாணவர்களே சறுக்கும் இடம் இது. ஏலத்தொகை மாறாச் செலவு. ஒரு டம்ளர் கூடுதலாக விற்பதா வேண்டாமா என்ற முடிவில் அதற்கு வேலை இல்லை. இலாபம் குறையும், விலை மாறாது. கோடு போட்டவர் இதைப் படித்துவிட்டுத்தான் போட்டாரா?

என் கோரிக்கை ஒன்றே ஒன்று. முற்றுரிமையாளர் விலையைக் குறைக்கும்போது முந்தைய அலகுகள் எல்லாவற்றிலும் இழக்கிறார் என்ற காரணத்தைத் தன் சொற்களால், தன் எண்களால் எழுதும் மாணவருக்கு முழு மதிப்பெண் உண்டு என்று விடைக்குறிப்பில் ஒரு வரி சேருங்கள்.

எண்களும் கடையும் பாடத்துக்கு வெளியே உள்ளவை என்று நினைக்கிறீர்களா? இந்தச் சிந்தனையே ஒரு குடிநீர் வியாபாரத்தில்தான் தொடங்கியது. 1838-இல் பிரெஞ்சுக்காரரான கூர்னோ முற்றுரிமையை விளக்க எடுத்துக்கொண்டது, வேறெங்கும் கிடைக்காத மருத்துவக் குணமுள்ள நீரூற்றைச் சொந்தமாக வைத்திருக்கும் ஒரு மனிதனை. அவர் நம் தேர்வை எழுதியிருந்தால் "தேவையற்ற ஊற்று" என்று சிவப்பு மையில் வாங்கியிருப்பார். இறுதிநிலை வருவாயை 1933-இல் எல்லோர் கையிலும் புழங்கும் கருவியாக்கிய ஜோன் ராபின்சன், அதற்கு முன் சில ஆண்டுகள் நம் குவாலியரில் வாழ்ந்தவர். அவருக்காவது முழு மதிப்பெண் கிடைத்திருக்குமா என்பது சந்தேகம்தான்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். விடைக்குறிப்பில் உள்ள வரைபடமே தவறு. தேவைக்கோடு (அதாவது சராசரி வருவாய்க் கோடு) நேர்கோடாக இருந்தால், இறுதிநிலை வருவாய்க் கோடு அதைப் போல இரு மடங்கு சரிவில் இறங்கி, அளவு அச்சைப் பாதித் தூரத்தில் வெட்ட வேண்டும். மோர்க்கடையில் அது 75-ஆவது டம்ளர். அப்போது விலை 15, கல்லாவில் 1125 ரூபாய். அதற்கு மேல் விற்கக் குறைத்தால் மொத்தப் பணமே குறையும். 14 ரூபாய்க்கு 80 டம்ளர் விற்றால் 1120 தான். உங்கள் படத்தில் இரண்டு கோடுகளும் ஏறக்குறைய ஒரே இடத்தில் போய் அச்சைத் தொடுகின்றன. இதைப் பார்த்து வரைந்தவர்களுக்கு 2 மதிப்பெண். வழிகாட்டி நூல்களிலும் இதே படம்தான். யார் யாரைப் பார்த்து வரைந்தார்கள் என்ற ஆராய்ச்சியில் நான் இறங்கப் போவதில்லை.

"முற்றுரிமையாளர் விரும்பிய விலைக்கு விற்கலாம்" என்ற வாக்கியத்தையும் அந்த நூல்கள் விடாமல் அச்சிடுகின்றன. அந்த அம்மாவிடம் போய்ச் சொல்லிப் பாருங்கள். விலையை அவர் எழுதலாம். எத்தனை பேர் நின்று குடிப்பார்கள் என்பதைப் படியேறுகிறவர்கள்தான் எழுதுவார்கள். ஒட்டன்சத்திரம் சந்தைக்கு ஒரு மூட்டை கத்தரிக்காய் கூடுதலாகக் கொண்டுபோகும் விவசாயிக்கு இந்தத் தொல்லை இல்லை. அந்த ஒரு மூட்டையால் சந்தை விலை அசையாது, ஆகவே அவருக்கு இறுதிநிலை வருவாயும் விலையும் ஒன்று. அவருக்கு வேறு தொல்லைகள் இருக்கின்றன, அதை இன்னொரு மடலில் எழுதுகிறேன். காரில் வந்தவரிடம் 30, நடந்து வந்தவரிடம் 10 என்று ஆளுக்கு ஒரு விலை வாங்க முடிந்தால் மோர்க்கடையிலும் இந்த இழப்பு இருக்காது. படியில் எல்லோரும் ஒரே சிலேட்டைப் பார்க்கிறார்கள். விதிவிலக்கு எது என்று அவளுக்குத் தெரியும், கேட்டிருந்தால் எழுதியிருப்பாள்.

எங்கெங்கோ போய்விட்டேன், மன்னிக்கவும். கேட்க வந்தது அந்த ஒரு வரியைத்தான்.

அடுத்த திருப்புதல் தேர்விலும் இதே வினா வந்தது. இம்முறை அவள் உங்கள் மூன்று வாக்கியங்களையும் ஓர் எழுத்து மாறாமல் எழுதி, உங்கள் தவறான படத்தையும் வரைந்தாள். 5-க்கு 5. தாளைத் திருத்தியவன் நான். விடைக்குறிப்பின்படி வேறு மதிப்பெண் போட எனக்கு வழி இல்லை.

ஆகவே பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். ஆண்டுத்தேர்வுக்கு முன் விடைக்குறிப்பில் அந்த வரியைச் சேருங்கள். படத்தைத் திருத்துங்கள். முடிந்தால் முதல் தாளை மறுமதிப்பீட்டுக்கு எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு தாள்களின் நகலையும், மாணவியின் பெயரை மறைத்து, இத்துடன் இணைத்திருக்கிறேன். முதல் தாளில் ஆறாம் பக்கத்தைப் பாருங்கள். இடது ஓரத்தில் மோர்ப் பானை ஒன்றையும் வரைந்திருக்கிறாள். அதற்கு மதிப்பெண் கேட்கவில்லை.

தங்கள் உண்மையுள்ள,
மேல்நிலைப் பொருளியல் ஆசிரியர் ஒருவர்