லாக்ஸ்டன் கிராமத்துக்கு ஒரு பயணம்

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். டிசம்பர் முதல் சனிக்கிழமை நம் தமிழ்ப் பள்ளியில் வகுப்பு இல்லை. மேல் வகுப்புப் பிள்ளைகளை நாட்டிங்காம்ஷயரில் உள்ள லாக்ஸ்டன் கிராமத்துக்கு அழைத்துப் போகிறோம். தமிழ்ப் பள்ளிக்கு இது எதற்கு என்று சிலர் கேட்டீர்கள். பிள்ளைகள் பிறந்து வளர்கிற நாடு இது. இதன் மண்ணும் அவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

ஒரு காலத்தில் இங்கிலாந்தின் நடுப்பகுதிக் கிராமங்கள் பலவற்றில் வேலியில்லாத பெருவயல்கள்தான். ஒவ்வொன்றிலும் ஊராருக்கு ஆளுக்குச் சில நீளத் துண்டு நிலங்கள் இருக்கும். 18, 19-ஆம் நூற்றாண்டுகளில் நாடாளுமன்றத்தில் சட்டம் போட்டு அவற்றை அடைத்துத் தனிப் பண்ணைகளாக்கிவிட்டார்கள். லாக்ஸ்டன் தப்பியது. மேற்கு வயல், மில் வயல், தெற்கு வயல் மூன்றும் இன்றும் சுழற்சி முறையில்தான் நடக்கின்றன: ஒன்றில் கோதுமை, ஒன்றில் வசந்தகாலப் பயிர், ஒன்று தரிசு.

எனக்கு மிகவும் பிடித்தது அவர்களுடைய ஊர் நீதிமன்றம். நவம்பர் கடைசியில் விவசாயிகளே ஜூரிகளாகப் போய்க் கோதுமை விதைத்த வயலைப் பார்வையிடுவார்கள். பொதுப் பாதையையோ பொதுப் புல்தரையையோ யாராவது சேர்த்து உழுதிருந்தால், எல்லை தெரிய அங்கே ஒரு மரமுளை அடிப்பார்கள். அடுத்த வாரம் ஊர் பப்பில் நீதிமன்றம் கூடி அபராதம் விதிக்கும். வரப்புத் தகராறுகளைக் கேட்டு வளர்ந்தவர்கள் நம்மில் பலர். அந்தக் கதைகளைப் பிள்ளைகளுக்கு முன்கூட்டியே சொல்லிவையுங்கள். முளையைப் பார்த்ததும் விஷயத்தைப் புரிந்துகொள்வார்கள்.

1635-இல் நில அளவையாளர் மார்க் பியர்ஸ் வரைந்த லாக்ஸ்டன் வரைபடத்தில் இந்தத் துண்டுகள் எல்லாம் இருக்கின்றன, ஏர் உழுகிற குட்டி மனிதர்கள் உட்பட. மூலப்படம் ஆக்ஸ்போர்டு போட்லியன் நூலகத்தில் உள்ளது. அதன் நகலைக் கையில் கொடுத்து, இன்றைய வயலோடு ஒப்பிடச் சொல்லப் போகிறோம். நேரம் இருந்தால் புனித மைக்கேல் தேவாலயத்தையும் பழைய கோட்டை மேட்டையும் பார்க்கலாம்.

அப்புறம், அங்கே களிமண். மழை பெய்தால் ஷூ தாங்காது, வெலிங்டன் பூட்ஸ் கட்டாயம். மதியச் சாப்பாடும் கட்டிக் கொடுங்கள். பயிர் நிற்கிற வயல் என்பதால் பாதையை விட்டு இறங்கக் கூடாது என்று வீட்டிலும் சொல்லுங்கள். உடன் வர நான்கு பெற்றோர் வேண்டும். விவசாயம் தெரிந்தவர்கள் வந்தால் எங்களுக்குப் பெரிய உதவி. அனுமதிப் படிவத்தை வரும் சனிக்கிழமைக்குள் வகுப்பாசிரியரிடம் கொடுத்துவிடுங்கள்.

அன்புடன்,
தலைமையாசிரியர்